மகள் மழலையர் பள்ளிக்குப் போகிறாள். பராமரிப்பாளரின் நேரத்தைக் குறைக்கலாமா?

கேள்வி: எங்கள் மகளுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோதிலிருந்து ஒரே பெண்மணிதான் அவளைப் பார்த்துக்கொள்கிறார். வாரத்தில் ஐந்து நாள், காலை 8.30 முதல் மாலை 5.30 வரை வருகிறார். வீட்டில் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறோம். இன்னும் இரண்டு மாதத்தில் மகள் மழலையர் பள்ளியில் சேர்கிறாள். வாரத்தில் மூன்று நாள் மட்டும், காலை 9 முதல் 12.30 வரை. வீட்டிலிருந்து பள்ளிக்கு இருபது நிமிடம் ஆகும். "பள்ளியில் இருக்கும் பத்தரை மணி நேரத்துக்கு நாம் ஏன் சம்பளம் தர வேண்டும்? அதைக் கழித்துக்கொள்ளலாம்" என்கிறார் என் கணவர். "அந்த நேரத்தில் சமையலையும் வீட்டைச் சுத்தம் செய்வதையும் அவரிடம் கொடுத்துவிடு" என்கிறார் மாமியார். எனக்கோ, சம்பளத்தைக் குறைத்தால் அக்கா வேறு வேலை தேடிப் போய்விடுவார், மகள் தாங்கமாட்டாள் என்ற பயம். அவர் ஒரு மணி நேரம் பேருந்தில் பயணம் செய்து வருகிறவர். இதுவரை எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் செய்துகொள்ளவில்லை. எப்படிச் செய்வது நியாயம்? அவரிடம் எப்படிச் சொல்வது?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நேரத்தைக் குறைப்பது தவறல்ல. குழந்தை வளர வளரக் குடும்பத்தின் தேவை மாறும் என்பதை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் உங்களைவிட நன்றாக அறிவார்கள். உங்கள் அக்காவும் இந்த நாளை எதிர்பார்த்துக்கொண்டுதான் இருப்பார். பள்ளிச் சேர்க்கை பற்றி நீங்கள் வீட்டில் பேசுவது அவர் காதிலும் விழுந்திருக்கும். ஆனால் பத்தரை மணி நேரம் என்ற கணக்கோடு அவரிடம் பேசப் போகாதீர்கள். அந்தக் கணக்கில் தெரிவது பள்ளியின் நேரம் மட்டுமே. அக்காவின் நேரம் அதில் இல்லை.

ஒரு பள்ளி நாளை மணிவாரியாக ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். காலை 8.30க்கு அவர் வருகிறார். 8.40க்குக் குழந்தையோடு புறப்பட்டு 9 மணிக்கு வகுப்பில் விடுகிறார். குழந்தை அழாமல் உள்ளே போய்விட்டால்கூட அவர் வீடு திரும்ப 9.20 ஆகிவிடும். மறுபடியும் 12.10க்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். இடையில் மிஞ்சுவது இரண்டு மணி ஐம்பது நிமிடம். மூன்று நாளுக்கும் சேர்த்து எட்டரை மணி நேரம். உங்கள் கணவரின் கணக்கிலேயே இரண்டு மணி நேரம் அடிபட்டுப் போகிறது.

அந்த எட்டரை மணி நேரமும் அவருக்குப் பயன்படுமா என்று அடுத்துப் பாருங்கள். அவர் தம் வீட்டுக்குப் போய்வரப் பயணத்துக்கே இரண்டு மணி நேரம் வேண்டும். பேருந்துக் கட்டணம் வேறு. வீட்டில் ஐம்பது நிமிடம் உட்கார்ந்துவிட்டு வருவதற்காக யாரும் அப்படி அலையமாட்டார்கள். வாரத்தில் மூன்று நாள், முற்பகலில் நடுவிலிருந்து இரண்டரை மணி நேரம் மட்டும் என்று வேறு வேலையும் எளிதில் கிடைக்காது. இதற்கு மேல் இன்னொன்று உண்டு. குழந்தைக்கு உடம்பு சுடுகிறது, வாந்தி எடுக்கிறாள், அழுகை நிற்கவில்லை என்று பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால், நீங்களும் உங்கள் கணவரும் அலுவலகத்தில் இருக்கும்போது ஓடப் போகிறவர் யார்? அவர்தான். அப்படியென்றால் அந்த இரண்டு மணி ஐம்பது நிமிடமும் அவர் உங்களுக்காகக் காத்திருக்கும் நேரம். நீங்கள் அவருக்குச் சம்பளம் கொடுப்பது குழந்தையைக் கையில் வைத்திருக்கும் நிமிடங்களுக்காக மட்டும் அல்ல. கூப்பிட்ட நேரத்தில் ஒருவர் இருப்பார் என்ற நிம்மதிக்காகவும்தான்.

இது என் சொந்தக் கருத்து மட்டுமல்ல. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011ஆம் ஆண்டு ஜூன் 16 அன்று வீட்டுப் பணியாளர்களுக்கான 189ஆம் எண் உடன்படிக்கையை நிறைவேற்றியது. 2013 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. பணியாளர் தம் நேரத்தைத் தம் விருப்பப்படி செலவிட முடியாமல், வீட்டாரின் அழைப்புக்குக் காத்திருக்கும் நேரத்தை, அந்தந்த நாட்டுச் சட்டம் தீர்மானிக்கும் அளவுக்கு, வேலை நேரமாகக் கருத வேண்டும் என்று அதன் 10ஆவது பிரிவு சொல்கிறது. எல்லா நாடுகளும் இதை ஏற்கவில்லை. ஏற்ற நாடுகளிலும் சட்டத்தின் நுணுக்கம் வேறுபடும். நீங்கள் இருக்கும் இடத்தின் தொழிலாளர் சட்டத்தையும், குறைந்தபட்ச ஊதியம், கூடுதல் நேர ஊதியம் ஆகியவற்றுக்கான விதிகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆனால் சட்டம் எதுவாக இருந்தாலும், காத்திருப்பதும் வேலைதான் என்ற அடிப்படையிலிருந்து தொடங்கினால் நீங்கள் தவறு செய்ய வாய்ப்புக் குறைவு.

ஆகவே உங்கள் முன் இருக்கும் உண்மையான கேள்வி, எத்தனை மணி நேரத்தைக் கழிப்பது என்பதல்ல. எந்த நேரத்தை அவரிடமே முழுமையாகத் திருப்பிக் கொடுக்க முடியும் என்பதுதான். திருப்பிக் கொடுக்க முடிகிற நேரத்துக்குச் சம்பளத்தைக் குறைப்பது பற்றிப் பேசலாம். கொடுக்க முடியாத நேரத்துக்குப் பேசுவது நியாயமாகாது.

உங்கள் சூழ்நிலையில் அதற்கு ஒரு வழி தெரிகிறது. பள்ளி நாள்களில் காலையில் குழந்தையைக் கொண்டுபோய் விடும் பொறுப்பை நீங்களோ உங்கள் கணவரோ ஏற்றுக்கொள்ளுங்கள். அக்கா அந்த மூன்று நாளும் 11.30க்கு வரட்டும். குழந்தைக்கு மதிய உணவைத் தயாராக வைத்துவிட்டு, 12.10க்குப் புறப்பட்டுப் பள்ளிக்குப் போய், மாலை 5.30 வரை வழக்கம்போல் இருக்கட்டும். அப்போது பள்ளி நாளுக்கு ஆறு மணி நேரம், மற்ற இரண்டு நாளும் ஒன்பது மணி நேரம். வாரத்துக்கு 36 மணி நேரம். 45இலிருந்து 36ஆகக் குறைகிறது. மூன்று காலைப் பொழுதுகள் எந்த இடைவெளியும் இல்லாமல் அவருடையவை ஆகின்றன. அந்த நேரத்தில் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் போவது நீங்களோ உங்கள் கணவரோதான் என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். பள்ளியில் கொடுக்கும் அவசரத் தொடர்பு எண்களில் அந்த மணிநேரத்துக்கு அவர் எண்ணை முதலாவதாக எழுதிவிட்டு, "காலையில் நீங்கள் சும்மாதானே இருக்கிறீர்கள்" என்று சொல்லக்கூடாது.

இப்போது சம்பளக் கணக்கைப் பார்ப்போம். இன்று அவர் பெறும் சம்பளம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணவர் சொல்கிறபடி பத்தரை மணி நேரத்தைக் கழித்தால் அது கிட்டத்தட்ட 77 ஆகிவிடும். அவர் வீட்டை விட்டுக் கிளம்பும் நேரமும் திரும்பும் நேரமும் மட்டும் மாறவே மாறாது. 36 மணி நேர ஏற்பாட்டில், பழைய மணிநேர விகிதத்திலேயே கொடுத்தால் 80. விகிதத்தைப் பத்து சதவீதம் உயர்த்தினால் 88. கால் பங்கு உயர்த்தினால் பழைய 100 அப்படியே கிடைக்கும். என் பரிந்துரை, உங்களால் முடிந்தால், 88க்குக் கீழே இறங்காமல் இருப்பது. குறைந்த நேர வேலைக்கு மணிநேர விகிதம் சற்றுக் கூடுதலாக இருப்பது நியாயமானதுதான். வந்துபோகும் செலவும் அலைச்சலும் ஆறு மணி நேரத்துக்கும் ஒன்பது மணி நேரத்துக்கும் ஒன்றே. அதோடு, ஒருவர் வாடகையையும் பிள்ளைகளின் கட்டணத்தையும் 100ஐ நம்பித்தான் திட்டமிட்டிருப்பார். வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டால், உங்கள் மீது எவ்வளவு பிரியம் இருந்தாலும் அவர் வேறு இடம் பார்க்கத்தான் வேண்டியிருக்கும்.

பள்ளிக் கட்டணம் புதிதாக வருகிறது, இரண்டையும் தாங்க முடியவில்லை என்பதுதான் உங்கள் உண்மையான நெருக்கடி என்றால், அதை மறைக்க வேண்டாம். அது நியாயமான காரணம். ஆனால் உங்களுக்கு முடியவில்லை என்பது வேறு, அவருக்கு வேலை குறைந்துவிட்டது என்பது வேறு. முதல் காரணத்துக்காக இரண்டாவதைச் சொல்லும்போதுதான் பல வீடுகளில் கசப்பு தொடங்குகிறது. அவருடைய வேலை உண்மையில் எவ்வளவு குறையும் என்பதைத்தான் அடுத்துச் சொல்ல வேண்டும்.

அரை நாள் பள்ளி தொடங்கினால் பராமரிப்பாளரின் சுமை பாதியாகிவிடும் என்ற எண்ணம் முதல் ஆண்டில் பெரும்பாலும் பொய்த்துப்போகிறது. பள்ளிகள் பலவும் முதல் சில நாள்கள் குழந்தையை ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று மட்டுமே வைத்துக்கொண்டு படிப்படியாக நேரத்தைக் கூட்டுகின்றன. தெரிந்த பெரியவர் ஒருவர் வளாகத்திலேயே இருக்க வேண்டும் என்றும் கேட்கின்றன. பிறகு காய்ச்சலும் சளியும் தொடங்கும். சிறு குழந்தைகளுக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது சாதாரணம் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். புதிதாக மற்றக் குழந்தைகளோடு சேரும் குழந்தைக்கு அது இன்னும் கூடலாம். காய்ச்சல் விட்டு ஒரு முழு நாள் ஆன பிறகே அனுப்புங்கள் என்பது பல பள்ளிகளின் விதி. இவற்றோடு பள்ளி விடுமுறைகள், ஆசிரியர்களுக்கான பயிற்சி நாள்கள் என்று உங்கள் அலுவலகத்துக்கு விடுமுறை இல்லாத நாள்கள் பலவும் வரும். பள்ளியின் ஆண்டு அட்டவணையை வாங்கி, உங்கள் அலுவலக நாள்காட்டியின் மேல் வைத்துப் பாருங்கள். நீங்கள் கழிக்க நினைத்த மணிநேரத்தில் எவ்வளவு மறுபடியும் தேவைப்படப்போகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

அந்த நாள்களுக்கு என்ன ஏற்பாடு? வாரத்துக்கு 36 மணி நேரச் சம்பளம் உறுதி; நீங்கள் ஊருக்குப் போனாலும், பாட்டி வந்திருந்தாலும், அலுவலகத்திலிருந்து சீக்கிரம் வந்துவிட்டாலும் அது குறையாது என்று முதலில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் அவர் வரும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தனியாகக் கணக்கிட்டுக் கொடுங்கள். கூடுதல் நேரத்துக்கு உங்கள் நாட்டுச் சட்டம் அதிக விகிதம் கேட்டால் அந்த விகிதத்தில். முன்கூட்டியே தெரிகிற பள்ளி விடுமுறைகளுக்கு ஒரு மாதம் முன்பே சொல்லிவிடலாம். திடீர்க் காய்ச்சல் நாள்களில் அவரால் காலையில் வர முடிந்தால் வருவார், முடியாவிட்டால் நீங்கள் விடுப்பு எடுப்பீர்கள். நீங்கள் திருப்பிக் கொடுத்த மூன்று காலைகளையும் அவர் வேறு வேலைக்குக் கொடுத்துவிட்டால், அவரிடம் கோபப்பட உங்களுக்கு உரிமை கிடையாது. இந்த வாரம் குறைந்த நேரத்தை அடுத்த வாரம் ஈடுகட்டச் சொல்லும் வழக்கத்தையும் தொடங்காதீர்கள். சில மாதங்களில் யார் யாருக்கு எத்தனை மணி நேரம் பாக்கி என்பதே இருவருக்கும் மனவருத்தமாக முடியும்.

காலைப் பொறுப்பை ஏற்க உங்கள் இருவரின் அலுவலக நேரமும் இடம் தரவில்லை என்றால், அடுத்த நல்ல வழி, நேரத்தைக் குறைக்காமலே விட்டுவிடுவது. அந்த எட்டரை மணி நேரத்துக்குச் சம்பளம் கொடுத்து, அதில் குழந்தையைச் சார்ந்த வேலைகளைச் செய்யச் சொல்லலாம். சிறியதாகிப்போன துணிகளைப் பிரித்து வைப்பது, குழந்தையின் துணி துவைத்து மடிப்பது, விளையாட்டுப் பொருள்களைக் கழுவித் துடைப்பது, பள்ளி கேட்கும் பொருள்களைத் தயார் செய்வது, குழந்தையின் இரண்டு நாள் உணவுக்கு வேண்டியதை முன்கூட்டியே செய்து வைப்பது என்று வேலைகள் உண்டு. இவை அவர் ஏற்றுக்கொண்ட வேலையின் எல்லைக்குள் அடங்கும்.

உங்கள் மாமியார் சொல்வது இந்த எல்லைக்கு வெளியே போகிறது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சம்பளம் கொடுத்த நேரம் வீணாகக்கூடாது என்பது அனுபவப்பட்ட எந்த வீட்டுப் பெரியவருக்கும் தோன்றக்கூடியதே. ஆனால் வீடு முழுவதற்குமான சமையலும் துப்புரவும் வேறு வேலை. அதற்கு வேறு சம்பளம் உண்டு. அதைச் செய்ய மறுக்கும் உரிமையும் அக்காவுக்கு உண்டு. நடைமுறையிலும் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பதினொரு மணிக்கு அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருக்கும்போது பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் எதை முதலில் பார்ப்பது? பள்ளி இல்லாத இரண்டு நாளில் அந்தச் சமையலை யார் செய்வது? மூன்று நாள் செய்த வேலையை மற்ற இரண்டு நாளும் எதிர்பார்க்கத் தொடங்குவது மனித இயல்பு; விரைவிலேயே குழந்தை ஓர் அறையிலும் அவர் சமையலறையிலுமாக இருப்பார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளத்தான் அவரை வைத்தீர்கள் என்பது மறந்துபோகும். இந்த விஷயத்தில் நீங்கள் உறுதியாக இருக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன். அவரே முன்வந்து, "சமையலையும் சேர்த்துச் செய்கிறேன், சம்பளத்தை உயர்த்திக் கொடுங்கள்" என்று கேட்டால் அது வேறு. அப்போது புதிய வேலையாகவே பேசி, புதிய சம்பளத்தைத் தீர்மானியுங்கள்.

இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து அவருடைய நேரத்தைப் பகிர்ந்துகொள்ளும் வழியும் உண்டு. அருகிலேயே கைக்குழந்தை உள்ள ஒரு வீட்டுக்கு அந்த மூன்று காலைகள் தேவைப்பட்டால் அவருடைய வருமானம் குறையாது. ஆனால் அந்த வீட்டை அவர் தேர்ந்தெடுக்க வேண்டும். நீங்களே பேசி முடித்துவிட்டு அவரை அனுப்பி வைக்கக்கூடாது. அறிமுகம் செய்து வைப்பதோடு ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

எப்போது தொடங்குவது என்பதிலும் கவனம் வேண்டும். பள்ளி தொடங்கும் அன்றே நேர மாற்றத்தையும் தொடங்க வேண்டாம். குறைந்தது முதல் ஆறு வாரத்துக்கு இப்போதுள்ள நேரமும் சம்பளமும் அப்படியே தொடரட்டும். மூன்று வயதுக் குழந்தைக்குப் பள்ளி ஒன்றே பெரிய மாற்றம்; அதே வாரத்தில் காலையில் கதவைத் திறந்துகொண்டு வரும் முகமும் மாறிவிட்டால், எது எதனால் போயிற்று என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியாது. பள்ளிக்குப் போனதால்தான் அக்கா வருவதில்லை என்று அவள் முடிவு செய்துவிட்டால், பள்ளியின் மேல்தான் அந்தக் கோபம் திரும்பும். அந்த ஆறு வாரத்தில் எந்த நாள் பள்ளி சீக்கிரம் விட்டது, எத்தனை முறை அழைப்பு வந்தது, காலையில் விடுவது உங்களால் உண்மையிலேயே முடிகிறதா என்பதும் தெரிந்துவிடும். ஊகத்தை வைத்துக் கொண்டு எடுக்கும் முடிவைவிட அது மேலானது.

முதல் மாதங்களில் 12.30 மணிக்குப் பள்ளி வாசலில் நடப்பதை நீங்களே ஓரிரு நாள் போய்ப் பாருங்கள். ஆசிரியர், "இன்று மிகவும் சமர்த்தாக இருந்தாள்" என்று சொல்லி முடிப்பதற்குள், குழந்தை பையைத் தரையில் போட்டுவிட்டு, தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் தான்தான் திறந்திருக்க வேண்டும் என்று தேம்பித் தேம்பி அழும். மூன்றரை மணி நேரம் புதிய இடத்தில், புதியவர்கள் நடுவில், அடக்கி வைத்திருந்ததையெல்லாம் நம்பிக்கையான ஒரு முகத்தைக் கண்டவுடன் கொட்டிவிடுகிறாள். அதை வாங்கிக்கொள்ளும் முகம் பெரும்பாலும் அக்காவுடையதாகத்தான் இருக்கும். மூடியைத் திரும்ப மூடி அவள் கையில் கொடுத்து, அவள் திறக்கும் வரை வெயிலில் நிற்பவர் அவர். அதன் பிறகு சாப்பிட வைத்து, தூங்க வைக்க வேண்டும். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை என்று 2016இல் அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் வல்லுநர் குழு பரிந்துரைத்தது. பள்ளிக்காகச் சீக்கிரம் எழுப்பப்படும் குழந்தை மதியத்தில் சோர்ந்துபோவாள். சில குழந்தைகள் அந்தச் சோர்விலேயே தூங்க மறுத்து அடம்பிடிப்பார்கள். ஆகவே அவருடைய ஆறு மணி நேரம் பழைய ஒன்பது மணி நேரத்தைவிட எளிதாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். "இனி உங்களுக்கு வேலை லேசாகிவிடும்" என்ற வார்த்தையை அவரிடம் சொல்லாமல் இருப்பது நல்லது.

இப்போது, அவரிடம் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு வருகிறேன். இந்த வாரத்திலேயே சொல்லுங்கள். இரண்டு மாதம் இருக்கிறது என்பது உங்களுக்குக் கிடைத்திருக்கும் நல்ல வாய்ப்பு. கடைசி வாரம் வரை தள்ளிப்போட்டால் அதையும் இழந்துவிடுவீர்கள். மாலை 5.30க்கு அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பேருந்து போய்விடுமே என்று வாசலில் நிற்கும்போது பேச்சை எடுக்காதீர்கள். குழந்தை தூங்கும் ஒரு மதிய நேரத்தில், நீங்களும் கணவரும் வீட்டில் இருக்கும்படி ஏற்பாடு செய்துகொண்டு, அவருடைய வேலை நேரத்துக்குள்ளேயே உட்கார்ந்து பேசுங்கள். என்ன விஷயம் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். "உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும்" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அன்று இரவு அவர் தூங்கமாட்டார்.

பேச்சை இப்படித் தொடங்கலாம்: "அக்கா, பாப்பா பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் மூன்று நாள் காலையில் நாங்களே அவளைக் கொண்டுபோய் விடலாம் என்று நினைக்கிறோம். முதல் ஆறு வாரம் எதுவும் மாறாது. அதற்குப் பிறகு அந்த மூன்று நாளும் நீங்கள் 11.30க்கு வந்தால் போதும். அப்படி வைத்தால் சம்பளம் இவ்வளவு வரும். இது உங்களுக்குச் சரிப்படுமா, இல்லையென்றால் எப்படி வைத்துக்கொண்டால் உங்களுக்கு வசதி என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறோம். இன்றே பதில் சொல்ல வேண்டாம். வீட்டில் பேசிவிட்டு அடுத்த வாரம் சொல்லுங்கள்." தொகையைத் தெளிவாக, எண்ணாகச் சொல்லுங்கள், ஒரு துண்டுத் தாளில் எழுதியும் கொடுங்கள். அவர் வீட்டில் கலந்து பேசும்போது அது கையில் இருக்க வேண்டும்.

"நீங்கள் எங்கள் குடும்பத்தில் ஒருவர் மாதிரி" என்ற வாக்கியத்தை அந்த உரையாடலில் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். நீங்கள் மனதாரச் சொல்லலாம். ஆனால் சம்பளத்தைக் குறைக்கும் பேச்சோடு அது சேரும்போது, மறுத்துப் பேசுவதே நன்றிகெட்ட செயல் என்று அவருக்குத் தோன்றிவிடும். அவர் தயங்காமல் "இது எனக்குக் கட்டாது" என்று சொல்லக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். சொன்னால்தான் உங்களுக்கும் உண்மை நிலை தெரியும். பலர் முதலாளி முன்னால் தலையை ஆட்டிவிட்டு, மறுநாளே வேறு இடம் தேடத் தொடங்குவார்கள். அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஏமாந்த குடும்பங்கள் என்னிடம் ஆலோசனைக்கு வருவது வழக்கமாக நடக்கிறது.

அவருடைய பக்கத்திலிருந்து நீங்கள் நினைத்தே பார்க்காத யோசனை வரக்கூடும். மூன்று காலைகளைவிட ஒரு முழு நாள் விடுமுறைதான் தனக்குப் பயன்படும் என்று அவர் சொல்லலாம். பள்ளி இல்லாத இரண்டு நாளில் ஒன்றை உங்களில் ஒருவரால் வீட்டிலிருந்து சமாளிக்க முடிந்தால், வாரம் நான்கு நாள், அதே 36 மணி நேரம் என்று அமைத்துக்கொள்ளலாம். அவருக்கு ஒரு நாள் பேருந்துச் செலவு மிச்சம். அப்படி வைத்தால் பள்ளி நாள்களின் இடைவெளி நேரம் சம்பளத்தோடு கூடிய வேலை நேரமாகவே இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். அவரைக் கேட்காமல் நீங்களே முடிவு செய்திருந்தால் இந்த வழி கண்ணில் பட்டிருக்காது.

ஒத்துப்போன பிறகு எழுதி வையுங்கள். இவ்வளவு ஆண்டு எழுத்தில்லாமல் ஓடிவிட்டது உண்மைதான். ஆனால் விதிகள் மாறும்போதுதான் ஆளுக்கொரு மாதிரி நினைவு வைத்திருப்பது தெரியவரும். ஒரு பக்கம் போதும். எந்தத் தேதியிலிருந்து, எந்த நாள் எந்த நேரம், மணிநேர விகிதம் எவ்வளவு, உறுதியான குறைந்தபட்ச வாரச் சம்பளம் எவ்வளவு, கூடுதல் நேரத்துக்கு எவ்வளவு, என்னென்ன வேலைகள், பள்ளி விடுமுறைக்கு என்ன ஏற்பாடு, வேலையை முடித்துக்கொள்வதானால் இரு தரப்பும் எவ்வளவு நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்பவை அதில் இருக்கட்டும். நான் மேலே சொன்ன உடன்படிக்கையின் 7ஆவது பிரிவும் ஏறக்குறைய இவற்றைத்தான் கேட்கிறது. அவர் வசதியாகப் படிக்கும் மொழியில் எழுதி, ஒரு படியை அவரிடம் கொடுங்கள். ஆண்டு விடுப்பையும் ஆண்டுக்கொரு முறை நீங்கள் கொடுக்கும் கூடுதல் தொகையையும் சத்தமில்லாமல் குறைத்துவிடாதீர்கள். விடுப்பை வாரக் கணக்கில் எழுதினால் சிக்கலே வராது. இரண்டு வாரம் என்றால் 45 மணி நேர வாரமானாலும் 36 மணி நேர வாரமானாலும் இரண்டு வாரம்தான்.

குழந்தைக்குச் சொல்வதை மாற்றம் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். "திங்கள்கிழமை அப்பா உன்னைப் பள்ளியில் விடுவார், பள்ளி முடிந்ததும் அக்கா வாசலில் நிற்பார்" என்ற அளவுக்குச் சொன்னால் அவளுக்குப் போதும். யார் விடுவார், யார் கூட்டிக்கொண்டு வருவார் என்று ஏழு நாளுக்கும் சிறு படங்கள் ஒட்டிய அட்டை ஒன்றை அவள் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் மாட்டிவிடுங்கள்; அந்த வயதில் நாளையைப் பற்றிய பயம் அதில் நிறையவே அடங்கும்.

அவர் இந்த ஏற்பாடு கட்டுப்படியாகவில்லை என்று சொல்லிவிட்டால், அதை உங்கள் மகள் மீதான அன்புக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்று காலைகளுக்காக அவரை இழப்பதா என்று ஒருமுறை கணவரோடு உட்கார்ந்து யோசியுங்கள். புதியவரைத் தேடும் நாள்கள், அதுவரை நீங்கள் எடுக்கும் விடுப்பு, பள்ளிக்கும் புதிய பராமரிப்பாளருக்கும் குழந்தை ஒரே நேரத்தில் பழக வேண்டிய சிரமம் ஆகியவற்றைக் கணக்கில் சேர்த்தால், அந்த ஒன்பது மணி நேரச் சம்பளம் அவ்வளவு பெரிய தொகையாகத் தெரியாமல் போகலாம். அப்படியும் முடியவில்லை என்றால், அவருக்கு வேறு வேலை கிடைக்கக் குறைந்தது ஒரு மாதம் முழுச் சம்பளத்தோடு அவகாசம் கொடுங்கள். நேர்காணலுக்குப் போக வேலை நேரத்திலேயே அனுமதியுங்கள். ஏழு மாதக் குழந்தையிலிருந்து என்னென்ன பொறுப்புகளை எப்படிச் செய்தார் என்று விவரமாக ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். புதிதாக விசாரிப்பவர்கள் அழைத்தால் நீங்களே எடுத்துப் பேசுங்கள். கடைசி நாள் எது என்பது குழந்தைக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அவள் தூங்கும்போது அவரை அனுப்பிவிடுவது அப்போதைக்கு எளிதாகத் தோன்றும், ஆனால் அதற்குப் பிறகு பல வாரம் தூக்கத்திலிருந்து எழுந்தவுடன் அவரைத் தேடுவாள்.

அவர் ஒத்துக்கொண்டால், புதிய நேரம் தொடங்கிய நாளிலிருந்து மூன்று மாதம் கழித்து ஒரு தேதியை அந்த ஒரு பக்கத் தாளிலேயே எழுதி வையுங்கள். அன்று மூவரும் மறுபடி உட்கார்ந்து, அவர் உண்மையில் எத்தனை மணி நேரம் வேலை செய்தார் என்ற பதிவை வைத்துப் பேசுங்கள். அந்தப் பதிவை முதல் நாளிலிருந்தே சமையலறைச் சுவரில் ஒரு நாள்காட்டியில், வந்த நேரம், போன நேரம் என்று அவரே குறித்துவரட்டும். நீங்கள் வாரம் ஒருமுறை பார்த்துக் கையெழுத்திடுங்கள். வாரத்துக்கு வாரம் 40 மணி நேரத்தைத் தாண்டிக்கொண்டிருப்பது அதில் தெரிந்தால், உறுதியான நேரத்தை 36இலிருந்து உயர்த்தி எழுதிவிடுங்கள்.